கணிப்பொறியின் அறிவிப்பாளர்

(சங்க நூலகக் குழுவினர் சார்பில் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நூலகக் குழுவினர் இன்று கணிப்பொறியைப் பற்றிப் பேசுவர் என்று அறிக்கைப் பலகையில் கண்டு நம்மவர் சிலர் நகைத்ததாகக் கேள்வியுற்றோம். நகைத்தது நியாயமே. குழுவினராகிய நாங்கள் மூவரும் இரயில்வே எழுத்தர்கள். பத்தாம் வகுப்புத் தேறிப் பணியில் சேர்ந்தவர்கள். பார்சல் பதிவேடும் விடுப்புக் கணக்கும் எங்கள் விரல் நுனியில் உள்ளன. கணிப்பொறி நூல் எதனையும் நாங்கள் முறையாகப் பயின்றோம் அல்லோம். ஆயினும் 2024 ஆம் ஆண்டில் நம் நூலகக் கணிப்பொறி எங்களுக்கு ஒரு பாடம் புகட்டியது. அதனைக் கற்கும் முன் குற்றமற்ற ஒரு சிறுவன்மீது பழி சுமத்தினோம். பலர் முன்னிலையில் சுமத்திய பழியைப் பலர் முன்னிலையிலேயே இறக்கி வைத்தல் முறை என்று கருதியே இம்மேடையில் நிற்கின்றோம்.

நிகழ்ந்ததைச் சொல்லுகிறோம். நம் கரக்பூர்க் குடியிருப்பில் நெடுங்காலம் வாழ்ந்த பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற இன்ஜின் டிரைவர், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் திருச்சி பொன்மலையில் உள்ள மகளிடம் சென்று தங்க முடிவு செய்தார். அவருடைய காலஞ்சென்ற மனைவியார் நம் சங்கத் தமிழ் வகுப்பின் ஆசிரியை. அந்த அம்மையாரிடம் அகரம் எழுதிப் பழகியோர் இந்த அவையிலேயே பலர் அமர்ந்திருக்கின்றனர். பெரியவரிடம் ஓர் ஆல்பம் இருந்தது. பழைய பொங்கல் விழாக்கள், நாடகங்கள், தமிழ் வகுப்புக் குழந்தைகள் வரிசையாக நிற்கும் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. பிரதி வேறு எங்கும் கிடையாது. ஒரு வியாழக்கிழமை மாலை அதனை நூலகத்திற்கே கொண்டு வந்து, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு நான் புறப்படுகிறேன். அதற்குள் வேண்டிய படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்தை மட்டும் என் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

கைப்பேசியில் எடுத்துவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். பளபளப்பான தாளில் குழல் விளக்கின் ஒளி பட்டு, பாதி முகங்கள் வெள்ளையாகிப் போயின. மலரில் அச்சிடத் தக்க படம் வேண்டுமானால் ஸ்கேனரில் வைத்தே எடுக்க வேண்டும். நம் நூலகத்து ஸ்கேனரோ ஆண்டுக்கொரு முறை, மலர் வேலையின் போதுதான் தூசி தட்டப்படுவது. தட்டினோம், கணிப்பொறியோடு இணைத்தோம். 'ஸ்கேனர் எதுவும் காணப்படவில்லை' என்று திரையில் எழுதிக் காட்டிற்று.

வடத்தை மாற்றினோம், வேறு துளையில் செருகினோம், ஸ்கேனரோடு வந்த குறுந்தகட்டைத் தேடியெடுத்து அதன் மென்பொருளை மறுபடியும் நிறுவினோம். வெள்ளிக்கிழமை இரவு முழுதும் அவ்வாறே கழிந்தது. வியப்பு என்னவெனில், கணிப்பொறியில் உள்ள 'டிவைஸ் மேனேஜர்' என்னும் கருவிப் பட்டியலில், படக்கருவிகள் வரிசையில், அந்த ஸ்கேனரின் பெயர் யாதொரு குறையுமின்றித் தோன்றியது. மஞ்சள் எச்சரிக்கைக் குறியும் இல்லை. கருவி வந்து சேர்ந்திருக்கிறது என்று ஒரு பக்கம் சாட்சி சொல்லுகிறது. வரவேயில்லை என்று மறுபக்கம் சாதிக்கிறது.

இந்நிலையில் எங்களுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் குற்றவாளி ஒருவன் வேண்டுமல்லவா? நூலகக் கணிப்பொறியை அதிகம் பயன்படுத்துபவன் ஏழாம் வகுப்பில் படிக்கும் நம் குடியிருப்புச் சிறுவன் ஒருவன். பென் டிரைவில் விளையாட்டு எதையோ கொண்டு வந்து செருகிக் கெடுத்துவிட்டான் என்று நாங்களே தீர்ப்பு எழுதி, சனிக்கிழமை காலை வாசகர் பலர் முன்னிலையில் அவனைக் கடிந்து, இனி இயந்திரத்தைத் தொடலாகாது என்றோம். சிறுவன் அழவில்லை. தலை குனிந்தபடியே சொன்னான்: "மாமா, நான் ஒன்றும் செய்யவில்லை. பொங்கலிலிருந்தே இது இப்படித்தான் இருக்கிறது. முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு ஒரு பெட்டி வரும். இப்போது அது வருவதே இல்லை. நானாகத்தான் உள்ளே போய்த் திறக்கிறேன்."

இரண்டு நாள் எங்களுக்குப் புலப்படாத உண்மை அந்தச் சில சொற்களில் அடங்கியிருந்தது. பென் டிரைவ் வேறு, ஸ்கேனர் வேறு. இரண்டும் ஒரே காலத்தில் ஊமையாயின என்றால் குற்றம் கருவிகளில் இல்லை. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கணிப்பொறிக்குள் நின்றுபோயிருக்க வேண்டும். பொங்கல் என்றதும் எங்களில் ஒருவருக்கு நினைவு வந்தது. 2024 பொங்கல் விழாவுக்கு முன், இயந்திரம் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு பழுது பார்க்கும் கடையிலிருந்து இளைஞர் ஒருவரை அழைத்திருந்தோம். அவர் 'தேவையில்லாத' சேவைகள் என்று பத்துப் பன்னிரண்டை நிறுத்தி, வேகப்படுத்திவிட்டதாகக் கூறிச் சென்றார். எவை அவை என்று நாங்கள் கேட்கவில்லை. குறித்தும் வைக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பை இடம் மாற்றினாலும் குறிப்பு எழுதும் நாங்கள், இதில் அவ்வளவு அசட்டையாக இருந்தோம்!

சேவைகள் என்பவை யாவை? திரையில் நாம் காணும் நிரல்கள் நிலையத்தில் பயணிகள் கண்ணுக்குத் தெரியும் ஊழியர்களைப் போன்றவை. அவற்றுக்குப் பின்னே, திரையில் முகம் காட்டாமல், இயந்திரத்தை முடுக்கிய கணத்திலிருந்து நிறுத்தும் வரை ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பல உண்டு. அவற்றையே விண்டோஸ் சேவைகள் என்று குறிக்கிறது. அவற்றுள் ஒன்றன் பெயர் 'ஷெல் ஹார்டுவேர் டிடெக்ஷன்'. 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இது இடம் பெற்றது. அதற்குப் பின் வந்த பதிப்புகளிலும் தொடர்ந்து வருகிறது. பெயரைக் கேட்டால், கணிப்பொறியில் செருகப்படும் கருவிகளைக் கண்டுபிடிப்பதே இதன் தொழில் என்று எவரும் எண்ணுவர். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். அது சரியன்று.

நம் நிலையத்தையே எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்ற நடைமேடை நம்முடையது. கோரக்பூர் 2013 ஆம் ஆண்டில் அப்பெருமையை எடுத்துக்கொண்டது, போகட்டும். வண்டியை நடைமேடைக்குள் ஏற்பவர் யார்? நிலைய அதிகாரியும், கைகாட்டியையும் தண்டவாளப் புள்ளிகளையும் இயக்குவோருமே. வண்டி வந்துவிட்டது என்று வங்காளியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒலிபெருக்கியில் சொல்லுபவரோ வேறு ஒருவர். அறிவிப்பாளர் விடுப்பில் சென்றாலும் வண்டி வரும். ஆனால் பயணிகள் வேறு மேடையில் காத்துக்கொண்டிருப்பர்.

கணிப்பொறியிலும் இவ்விரு வேலைகளும் இருவேறு கைகளில் உள்ளன. பென் டிரைவைச் செருகியவுடன் அதனை இன்னதென்று அறிந்து, அதற்குரிய இயக்கு நிரலைப் பூட்டி, பட்டியலில் சேர்ப்பது 'பிளக் அண்ட் பிளே' என்னும் வேறோர் ஏற்பாடு. அது வண்டியை ஏற்கும் கைகாட்டி அறை. வந்து சேர்ந்த கருவியைப் பற்றித் திரைக்குச் செய்தி சொல்லும் அறிவிப்பாளரே நாம் பேசும் சேவை. அதன் செய்தியைக் கொண்டு, வந்திருப்பது படமா, பாட்டா, திரைக்காட்சியா என்று பார்த்து, 'என்ன செய்யலாம்?' என்று கேட்கும் பெட்டி தோன்றுகிறது. அதற்கு 'ஆட்டோபிளே' என்று பெயர். சிறுவன் காணவில்லை என்று சொன்ன பெட்டி அதுவே. டிவைஸ் மேனேஜரில் ஸ்கேனரின் பெயர் இருந்ததும் இதனால்தான்: வண்டி வந்திருந்தது, சொல்லுவார் இல்லை.

பென் டிரைவையாவது நாமே உள்ளே சென்று திறந்துகொள்ளலாம். ஸ்கேனர் ஏன் முழுவதும் செயலற்றுப் போயிற்று? நம் நூலக இயந்திரம் விண்டோஸ் 7 உடையது. அதற்கு 2020 ஜனவரி 14 ஆம் நாளோடு பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது நின்றுவிட்டமையால் இணையத்தோடு அதனை நாங்கள் இணைப்பதில்லை. அப்பதிப்பில், ஸ்கேனரிலிருந்து படம் பெறுவதற்கென 'விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன்' என்று தனிச் சேவை ஒன்று இருக்கிறது. அது நம் அறிவிப்பாளரைச் சார்ந்து நிற்பது. அறிவிப்பாளர் இல்லையேல் அது தன் நாற்காலியில் அமரவே மறுக்கும். கடைக்காரத் தம்பி ஒருவரை நிறுத்தினார். இருவர் வேலை நின்றது.

இனி, மீட்ட விதத்தைச் சொல்லுகிறோம். இதே சேவை வீட்டில் நின்றுபோனால் உங்களுக்கும் பயன்படும். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்தியபடியே ஆர் என்னும் எழுத்தைத் தட்டினால் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு புள்ளியிட்டு, எம், எஸ், சி என்னும் மூன்று எழுத்துகளைச் சேர்த்து என்டர் விசையைத் தட்டுக. சேவைகளின் நீண்ட பட்டியல், நம் சம்பளப் பட்டியல் போல, அகர வரிசையில் விரியும். ஷெல் ஹார்டுவேர் டிடெக்ஷன் என்ற வரியை இருமுறை சொடுக்கினால் அதன் தனிப் பக்கம் திறக்கும்.

நாங்கள் திறந்தபோது, தொடங்கும் வகை என்ற இடத்தில் 'டிஸேபிள்டு', அதாவது முடக்கப்பட்டது, என்று இருந்தது. கீழே 'ஸ்டார்ட்' என்னும் பொத்தான் மங்கலாக இருந்தது. எத்தனை முறை அழுத்தினாலும் இசையவில்லை. இங்கேதான் பலரும் மனம் தளர்ந்துவிடுவர். முடக்கப்பட்ட சேவையை நேரே தொடங்க இயலாது. பணி இடைநீக்கம் செய்யப்பெற்றவரை முதலில் உத்தரவு போட்டு வேலைக்கு மீட்டுக்கொண்டு, பிறகன்றோ இருக்கையில் அமர்த்த வேண்டும்? தொடங்கும் வகையை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி, 'அப்ளை' என்பதை அழுத்தினோம். மங்கிக் கிடந்த பொத்தான் உடனே தெளிவுற்றது. அதனை அழுத்தினோம், சேவை ஓடத் தொடங்கியது. ஆட்டோமேட்டிக் என்பதே இதற்கு இயல்பாக அமைந்த வகை. இனி இயந்திரத்தை முடுக்கும்போதெல்லாம் தானே தொடங்கும்.

அவசரத்தில் நாங்கள் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். முதலில் ஸ்கேனருக்குரிய சேவையையே நேரடியாகத் தொடங்க முயன்றோம். 1068 என்ற எண்ணிட்ட பிழைச் செய்தி வந்தது. அதன் பொருள், இச்சேவை சார்ந்திருக்கும் வேறொரு சேவை தொடங்கவில்லை என்பதே. எண்ணைக் கண்டு மருண்டோமே தவிர, எழுத்தைப் படிக்கவில்லை. அப்பக்கத்திலேயே 'டிபென்டென்சீஸ்' என்று ஒரு தாவல் உண்டு. அதன் மேற்கட்டத்தில், இச்சேவை எவற்றை நம்பி நிற்கிறது என்றும், கீழ்க்கட்டத்தில், எவை இச்சேவையை நம்பி நிற்கின்றன என்றும் எழுதியிருக்கும். அறிவிப்பாளரின் பக்கத்தில் மேற்கட்டத்தில் 'ரிமோட் ப்ரொசீஜர் கால்' என்ற பெயர் இருந்தது. அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனைத் தொடவே கூடாது. கீழ்க்கட்டத்தில் ஸ்கேனரின் சேவை இருந்தது. எதையேனும் நிறுத்துமுன் அக்கீழ்க்கட்டத்தை ஒருமுறை பார்த்திருந்தால் இவ்வளவு தொல்லை நேர்ந்திராது. பதிப்புக்குப் பதிப்பு இந்தச் சார்புகள் மாறக்கூடும். ஆகவே எங்கள் சொல்லை நம்பாமல் உங்கள் இயந்திரத்தில் உள்ள கட்டத்தையே பாருங்கள்.

சேவை ஓடியும் பெட்டி தோன்றவில்லையானால் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். ஆட்டோபிளேயின் அமைப்பே அணைக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 7-இல் அது கண்ட்ரோல் பேனலில் உள்ளது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸ் பகுதியில், கருவிகள் என்ற தலைப்பின் கீழ் உள்ளது. பதிவகத்தில் 'நோ டிரைவ் டைப் ஆட்டோரன்' என்றொரு மதிப்பு உண்டு. அது 255 என்று இருந்தால் எல்லா வகை இயக்ககங்களுக்கும் தடை என்று பொருள். பதிவகத்தில் கை வைக்குமுன் பிரதி எடுத்து வைப்பது நலம். பழக்கமில்லாதோர் அதன் பக்கம் போகாமலிருப்பது அதனினும் நலம். சேவை தொடங்கவே மறுத்து, வேறு பிழை எதையேனும் காட்டினால் அதன் கோப்பு சிதைந்திருக்கக்கூடும். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ், எஃப், சி என்னும் எழுத்துகளையும், ஓர் இடைவெளியையும், ஒரு சாய்கோட்டையும், 'ஸ்கேன்நவ்' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதித் தட்டினால் விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சரிபார்த்துச் செப்பனிடும். டிவைஸ் மேனேஜரிலேயே கருவியின் பெயர் இல்லை என்றாலோ, நம் அறிவிப்பாளர்மீது குற்றமில்லை. வடம், துளை, இயக்கு நிரல் ஆகியவற்றையே ஆராய வேண்டும்.

கடைக்கார இளைஞருக்கும் நியாயம் செய்ய வேண்டும். இச்சேவையை நிறுத்துமாறு சொல்லும் அறிவுரை அவர் புனைந்தது அன்று. அதற்கொரு வரலாறு உண்டு. 1995 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 95, குறுந்தகட்டை உள்ளிட்டவுடன் அதிலுள்ள நிரலைத் தானே ஓட்டும் 'ஆட்டோரன்' என்ற வசதியைக் கொணர்ந்தது. வசதி என்று வந்தது பின்னாளில் திருடனுக்குத் திறந்த கதவாயிற்று. 2008 ஆம் ஆண்டு இறுதியில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் என்னும் தீநிரல் பென் டிரைவுகள் வழியாகவும் பரவியது. ஆட்டோபிளே பெட்டியில், கோப்புகளைக் காணக் கோப்புறையைத் திறக்கவும் என்னும் பொருள்பட ஒரு பொய் வரியை, கோப்புறையின் படத்தோடு அது புகுத்திவிடும். உண்மையான வரி கீழே இருக்க, பொய் வரியை மக்கள் தாமே சொடுக்கி நோயை வரவழைத்துக்கொண்டனர். 2009 ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 7-இல், பென் டிரைவில் உள்ள நிரலை இவ்வாறு தானே முன்வைக்கும் வழியை அடைத்தனர். 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே திருத்தத்தை வழங்கினர். அந்நாளைய அச்சத்தில் எழுந்த அறிவுரை இன்றும் கைம்மாறி வருகிறது.

ஆட்டோபிளே வேண்டாம் என்று நினைப்பவர், அதன் அமைப்பிலேயே 'ஒன்றும் செய்யாதே' என்றோ 'ஒவ்வொரு முறையும் கேள்' என்றோ தேர்ந்துகொள்ளலாம். ஒலிபெருக்கியின் சத்தம் மிகுதி என்றால் அதைக் குறைக்கலாம். அறிவிப்பாளரையே வீட்டுக்கு அனுப்புவானேன்? வேகம் கூடும் என்பாருக்கும் விடை உண்டு. இச்சேவை உண்ணும் நினைவகம் மிகச் சொற்பம். அன்று இயந்திரம் விரைந்து ஓடுவது போல் எங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம், கொடுத்த கூலியன்றி வேறில்லை என்று இப்போது கருதுகிறோம்.

சனிக்கிழமை நண்பகலில் இரண்டு சேவைகளையும் தொடங்கி, முதற்படத்தைக் கண்ணாடிமேல் வைத்து மூடினோம். ஸ்கேனரின் விளக்கு எரிந்து மெல்ல நகர்ந்தது. எங்களில் மூத்தவர் நேரே அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்று, அவன் தாய் தந்தையர் எதிரில், "தம்பி, தவறு எங்களுடையது" என்று சொல்லி அவனை அழைத்து வந்தார். அவன் வந்ததும் முதலில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பார்த்தான். பெட்டி தோன்றியது. பின்னர் எங்களோடு அமர்ந்து, படங்களை மூலைகள் ஒடியாமல் ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதும் மீண்டும் செருகுவதுமாக இரவு வரை உழைத்தான். காலையில் அவனைக் கடிந்தபோது உடனிருந்த வாசகர் சிலர் இப்போதும் இந்த அவையில் உள்ளனர். அவர்கள் கேட்கவே சொல்லுகிறோம்: அவன் எதனையும் கெடுக்கவில்லை, கெட்டிருந்ததை முதலில் கண்டவன் அவனே. நூலகக் கணிப்பொறியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்திருக்கிறோம். எந்தச் சேவையை எவர் மாற்றினாலும் தேதியோடு குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறோம். அதன் முதல் வரி அவன் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை மெயில் வண்டிக்குப் பெரியவரை வழியனுப்பச் சென்றபோது ஆல்பத்தைச் சுமந்து வந்தவனும் அவனே. வண்டி வரச் சற்றுத் தாமதமாயிற்று. பெரியவர் நடைமேடைப் பலகையில் அமர்ந்து ஆல்பத்தைப் பிரித்து, தமிழ் வகுப்புப் படம் ஒன்றில் ஆசிரியை அம்மையாரின் பக்கத்தில் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கும் பையனைச் சுட்டி, "இது யார் தெரியுமா?" என்று கேட்டார். சிறுவன், "தெரியும் தாத்தா, எங்கள் அப்பா. நேற்றே பார்த்துவிட்டேன்" என்றான். அந்தப் படம் நம் ஆண்டு மலரில் முழுப் பக்கமாக வெளிவரும்.